பூமணி மாமி வரட்டும்

வித்தியா இரண்டு கையிலும் இரண்டு சேலைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்று, வெள்ளையில் சாம்பல் நிறக் கரை போட்ட நூல்சேலை. மற்றது அரக்குக் கலியாணக் கூறை. மடிப்போடு மடிப்பாக நிறம் மங்கி, வருஷக்கணக்காக அலுமாரிக்குள் கிடந்த மணம் அடித்தது.

“கேதீசக்கா, ரெண்டையும் எடுத்து வைச்சிருக்கிறியள். எதை உடுத்துறது?”

தாயின் தலைமாட்டில் சீப்போடு நின்ற கேதீஸ்வரி, ஏற்கெனவே வாரி முடிந்த தலையை இன்னொரு தரம் வாரினாள்.

இரத்தினம்மா நேற்றுப் பின்னேரம் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். நெஞ்சில் சளி கட்டிப் படுத்தவள், ஒரு கிழமை முடிவதற்குள் போய்விட்டாள். இன்று காலை, பிணத்தைப் பொறுப்பெடுத்த மலர்ச்சாலைக்காரர் வண்டியில் கொண்டுவந்து, ஹோலில் நீள மரவாங்கின் மேல் கிடத்தி, பக்கத்தில் பெட்டியையும் வைத்துவிட்டுப் போனார்கள். போகும்போது அவர்களில் ஒருவன் தயங்கித் தயங்கி, “கழுத்திலை கிடந்ததை நாங்கள் தொடேல்லை அக்கா, அது வீட்டாக்கள்தான் பாக்கவேணும்” என்று சொல்லியிருந்தான்.

கழுத்தில் கிடந்தது தாலி. மஞ்சள் நூலில் கோத்த ஒரு பொட்டுத் தங்கம்.

வித்தியா பக்கத்து வளவுக்காரரின் மருமகள். கலியாணம் முடித்து உடுவிலுக்கு வந்து மூன்று வருஷம் ஆகவில்லை. இந்த மூன்று வருஷமும் அவள் கண்டது வெறும் நெற்றியில் திருநீறு பூசிய, வெள்ளைச்சேலை கட்டிய இரத்தினம்மாவைத்தான். அவளுக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

“தாலியோடை இருக்கிறவைக்குக் கூறைதானே உடுத்துறது?” என்றாள். “ஆனால் ஐயா இல்லையெல்லே?”

“ஐயா செத்து நாப்பது வருஷத்துக்கு மேலை” என்றாள் கேதீஸ்வரி.

“அப்ப வெள்ளை.”

“வெள்ளை உடுத்துறதெண்டால் இதைக் கழட்டவேணும்.”

“கழட்டுவமே?”

“நாங்கள் கழட்டேலாது” என்றாள் கேதீஸ்வரி. “நீ கதவைப் பூட்டு. நான் ஒருக்கால் வெளியிலை போட்டு வாறன்.”

தன் குரல் கடைக்குச் சாமான் வாங்கப் போகிறவளின் குரலைப்போல அவளுக்கே கேட்டது. நேற்றிலிருந்து இப்படித்தான். அழுகை வரவில்லை. பல்லுக் கொதிக்கு ஊசி போட்ட பிறகு கன்னம் மரத்துக் கிடக்குமே, அப்படிக் கிடந்தது நெஞ்சு.

வித்தியாவுக்குத் தெரியாத கதை ஊரில் மற்ற எல்லாருக்கும் தெரியும். கேதீஸ்வரியின் தகப்பன் தேவராசா பொலிஸ்காரர். பெரிய உத்தியோகம் ஒன்றும் இல்லை, கான்ஸ்டபிள். ஆடு பயிரை மேய்ந்தது, வேலி எல்லை நகர்ந்தது, வடிசாராயம் பிடிபட்டது என்று சைக்கிளில் ஊர் ஊராகத் திரிந்து முறைப்பாடு எழுதிக்கொண்டு வருகிறவர். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், தபால்கந்தோருக்குப் பென்சன் காசு வருகிற நாள் என்று அவரைக் காவலுக்குப் போட்டார்கள். காசை எடுக்க வந்த இயக்கத்துப் பெடியள் முதலில் அவரைத்தான் சுட்டார்கள். கந்தோர்ப் படியில் இருந்தபடியே செத்துப்போனார். கேதீஸ்வரிக்கு அப்போது ஏழு வயது. தம்பி சிவரூபனுக்கு மூன்று.

அன்றைக்கே சந்தியில் விளக்குக் கம்பத்தில் ஒரு கடதாசித் துண்டு ஒட்டியிருந்தது. செத்தவீட்டுக்குப் போகிறவர்களும் கவனிக்கப்படுவார்கள் என்று அதில் எழுதியிருந்ததாம். யார் ஒட்டினார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஒட்டியவனுக்கு அதிக வேலை இருக்கவில்லை, ஒரு துண்டே போதுமாக இருந்தது. மறுநாள் பந்தலுக்குள் ஒரு ஊர்ச்சனம் இல்லை. மேளம் இல்லை, ஐயர் இல்லை, கிரியைக்குச் சுண்ணம் இடிக்க ஆளில்லை. ஸ்ரேசனிலிருந்து ஜீப்பில் வந்த பொலிஸ்காரர்கள் தாங்களே பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, சுடலைக்கு எந்தப் பக்கம் போவது என்று கேட்டார்கள். வழி சொல்லவும் ஆளில்லாமல் இரத்தினம்மாவே படலையில் நின்று கையைக் காட்டினாள்.

புருஷனின் பெட்டியை மூட முன்னர், அவன் பக்கத்துப் பெண்கள் கூடிநின்று பெண்சாதியின் தாலியைக் கழற்றி அவனோடு வைத்து அனுப்புவது அந்தக் குடும்பத்து முறை. தேவராசாவுக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்திதான், தங்கச்சி பூமணி. கலியாணத்தன்று இரத்தினம்மாவுக்குப் பின்னால் நின்று, கொண்டையைத் தூக்கிப் பிடித்து, தாலிக்கொடியின் சுரையைப் பூட்டிவிட்டவளும் அவள்தான். நாலு வளவு தள்ளித்தான் வீடு. அவள் வரவில்லை. பெட்டி போய்விட்டது. தாலி கழுத்திலேயே நின்றுவிட்டது.

கொலையோடு போட்ட ஊரடங்கை எடுத்தபிறகு கரவெட்டியிலிருந்து இரத்தினம்மாவின் தாய் வந்தாள். வந்தவள் மகளைக் கட்டிப் பிடித்து அழுதுவிட்டு, கழுத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு, “இதென்ன மோனை, கொண்டா, நான் கழட்டுறன்” என்று கையை வைத்தாள். இரத்தினம்மா அந்தக் கையை எடுத்து மடியில் வைத்தாள்.

“இவரின்ரை ஆக்கள் இருக்கினம். பூமணி வரட்டும்.”

அவ்வளவுதான். பிறகு அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. வெள்ளைச் சேலை கட்டினாள், பொட்டை அழித்தாள், பூ வைக்கவில்லை. விதவைக்கு உரியது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் செய்தாள். தாலியை மட்டும் சட்டைக்குள் விட்டுக்கொண்டாள். பிள்ளைகளின் படிப்புக்குக் கொடி போனது. தாலி நூலுக்கு வந்தது. நூல் இற்றால் புதுநூல் மாற்றினாள். கிணற்றடியில் குளிக்கும்போது கண்ட பெண்கள் கண்டார்கள், கண்டும் காணாததுபோல வாளியைக் கிணற்றுக்குள் விட்டார்கள். ஏனென்று கேட்டால் யார் வரவில்லை என்ற கேள்வி வரும். யார் வரவில்லை என்று பார்க்கப்போனால் கேட்டவளும் வரவில்லை. அந்த ஊருக்கு வாய் நீளம் என்று அயலூரில் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் அது வளரவே இல்லை.

பூமணி மாமியோடு கோபதாபம் ஒன்றும் இருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. போக்குவரத்து இருந்தது. கேதீஸ்வரி பெரியபிள்ளையானபோது மாமிதான் தண்ணீர் வார்த்தாள். தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது இரண்டு குடும்பமும் ஒரே பானையில் சோறு காய்ச்சித் தின்றது. மச்சாள், மச்சாள் என்று அப்படி ஒரு கதை. தாலிக் கதை மட்டும் இல்லை. இரத்தினம்மாவும் கேட்கவில்லை. கேட்டுச் செய்விப்பதென்றால் அது என்ன வருகை என்று நினைத்திருப்பாள்.

போன கிழமை வார்டில், நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும், கழுத்தில் கிடப்பதைக் கழற்றுங்கள் என்று நேர்ஸ் சொன்னபோது, அரை நினைவில் கிடந்தவள் கையைக் கொண்டுபோய் நூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விரலைப் பிரிக்க முடியவில்லை. கேதீஸ்வரி குனிந்து காதுக்குள் கேட்டாள், “அம்மா, நான் கழட்டட்டே?” இரத்தினம்மா கண்ணைத் திறக்காமல் சொன்னாள்.

“பூமணி வரட்டும்.”

அதுதான் கடைசியாகப் பேசியது.

வெளியே தகரப்பந்தலின் கீழ் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். நாற்பது வருஷத்துக்கு முன் வராதவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இப்போது நேரத்தோடே வந்து, நல்ல கதிரையாகப் பார்த்து இருந்து, சோடா குடித்தார்கள். வீடியோக்காரன் ஹோல் கதவுக்கு நேரே முக்காலியை நிறுத்தி, கனடாவில் இருக்கிற சிவரூபனுக்குப் படம் போகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

பூமணி மாமி விடியவே வந்துவிட்டாள். ஆனால் உள்ளே வரவில்லை. விறாந்தையின் ஓரத்தில், கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தாள். எழுபத்தைந்து வயது. கட்டியிருந்த சேலைத் தலைப்பை எடுத்து எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

கேதீஸ்வரி அவள் முன்னால் குந்தினாள்.

“மாமி, உள்ளுக்கு வாங்கோ. அம்மாவை உடுத்தவேணும்.”

“உடுத்துங்கோவன் பிள்ளை. நான் என்னத்துக்கு?”

“தாலி கிடக்குது.”

மாமி கிணற்றடியைப் பார்த்தாள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

“நீங்கள் வந்து கழட்டவேணுமாம். அம்மா சொன்னவ.”

“எப்ப சொன்னவ?”

“அண்டைக்கும் சொன்னவ. போன கிழமையும் சொன்னவ.”

மாமி முழங்காலைத் தடவினாள். பிறகு, “காலுக்குள்ளை ஒரே விறைப்பாய்க் கிடக்குது மோனை. கொஞ்சத்தாலை வாறன்” என்றாள்.

அதற்குள் மாமியின் மகன் சயந்தன் வந்து கேதீஸ்வரியைக் கிணற்றுப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனான். நல்லவன்தான். கனடாவிலிருந்து சிவரூபன் வரமாட்டான் என்றதும், மருமகன் முறையில் நான் கொள்ளி வைக்கிறேன் என்று தானாகவே முன்வந்தவன். வெங்காயத் தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தவன் அப்படியே வந்திருந்தான், முழங்காலில் செம்மண் காய்ந்துபோய் இருந்தது.

“மச்சாள், அம்மாவுக்குப் பிறசர். அவவை உதுக்குள்ளை இழுக்காதேங்கோ. நான் ஐயரிட்டைக் கேட்டனான். அப்பிடியே தாலியோடை விடலாமாம், ஒரு பிரச்சினையும் இல்லையாம்.”

“ஆருக்குப் பிரச்சினை இல்லையாம்?”

“எனக்கென்ன தெரியும்? நான் அண்டைக்குக் கைக்குழந்தை.” அவன் குரலைத் தாழ்த்தினான். “உவ்வளவு சனத்துக்கு முன்னாலை அவ எழும்பிப் போய்க் கழட்டினால், ஏன் அண்டைக்குக் கழட்டேல்லை எண்டு கேக்கமாட்டினமே? செத்துப்போன என்ரை அப்பாவையும் இழுப்பினம். பழசுகளை ஏன் கிண்டுவான்?”

அவன் சொன்னதில் பிழை ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. அவன் இடத்தில் நின்றால் தானும் இதைத்தான் சொல்லியிருப்பாள் என்று நினைத்தாள். போன் அடித்தது. ரொறன்ரோவில் சாமம் கடந்த நேரம். சிவரூபன் நித்திரை கொள்ளாமல் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, என்ன கதவு பூட்டியே கிடக்குது? இஞ்சை எல்லாரும் அம்மாவின்ரை முகத்தைப் பாக்கக் காவல் இருக்கினம்.”

அவள் சொன்னாள்.

“ஒரு கத்தரிக்கோலை எடுத்து வெட்டிவிடு அக்கா. நூல்தானே.”

“பூமணி மாமி வரட்டும் எண்டவ.”

“அக்கா, நான் ஒண்டு சொல்லுறன், கோவிக்காதை. அப்பா பொலிஸ் எண்டு இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது. மனிசியின்ரை ஆக்களுக்கு லொறி அடிச்சுச் செத்தவர் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன். இருவது வருஷமாய் அப்பிடித்தான். இப்ப போய் எல்லாருக்கும் முன்னாலை தாலி, அது இது எண்டால் நான் என்னெண்டு விளங்கப்படுத்துறது?”

அவளுக்குக் கோபம் வரவேண்டும். வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். வரவில்லை. மூன்று வயதில் பொலிஸ்காரன் ஒருவனின் இடுப்பில் இருந்துகொண்டு தகப்பனுக்குக் கொள்ளி வைத்த பிள்ளை அவன். அந்த நாள் ஒரு பொட்டும் அவனுக்கு நினைவில்லை. லொறி அடித்திருந்தால் எல்லாருக்கும் எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்.

“சரி” என்றாள்.

உள்ளே போய்த் தையல் மெசின் லாச்சியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். வித்தியா கெதியாய் வேலை முடிந்தால் போதும் என்ற முகத்தோடு விலகி நின்றாள். இரத்தினம்மா கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தாள். கேதீஸ்வரி துணியை விலக்கி, நூலின் கீழே கத்தரிக்கோலின் ஒரு அலகை நுழைத்தாள். தோல் குளிர்ந்துபோயிருந்தது. விரலை ஒருக்கால் மடித்தால் முடிந்துவிடும். வெள்ளைச் சேலையை உடுத்தி, கதவைத் திறந்து, சனம் பார்த்து, ஐயர் வந்து, மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். பிறகு யாரும் யாரையும் எதிர்பார்க்கத் தேவையில்லை. அந்த நினைப்புத்தான் அவளைப் பிடித்து நிறுத்தியது. அம்மா இவ்வளவு காலமும் எதிர்பார்த்ததை இரண்டு அங்குல இரும்பால் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட அவளால் முடியவில்லை. கத்தரிக்கோலை வெளியே எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

“என்னக்கா?” என்றாள் வித்தியா.

“தெரியேல்லை” என்றாள் கேதீஸ்வரி. உண்மையாகவே தெரியவில்லை.

படலையில் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது.

சிமியோன். மன்னார்ப் பெடியன், இங்கே ஸ்ரேசனுக்கு மாற்றலாகி வந்த கான்ஸ்டபிள். ஒவ்வொரு வருஷமும் மார்ச் மாதம் பொலிஸ் நினைவு நாளுக்கு அழைப்புக் கொண்டு வருகிறவன் அவன்தான். கடமையில் செத்த பொலிஸ்காரரின் குடும்பங்களை அழைத்து, பெயர் வாசித்து, பூ வைப்பார்களாம். இரத்தினம்மா அவனை இருத்தி, பனங்கட்டியோடு தேத்தண்ணி கொடுத்து, “வாறதெண்டால் வாறன் தம்பி” என்று சொல்லி அனுப்பிவிடுவாள். ஒருக்காலும் போனதில்லை. ஒருமுறை கேதீஸ்வரி ஏனென்று கேட்டதற்கு, “அவங்கள் அண்டைக்கும் வந்தவங்கள்தானே” என்றாள்.

இன்று சிமியோனுக்குப் பின்னால் ஒரு சிங்களச் சார்ஜன்ரும் இறங்கினார். இரண்டு பேரும் சீருடையில். சிமியோன் ஒரு மலர் வளையத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். பந்தலுக்குள் பேச்சு ஒருக்கால் நின்றது. பிறகு பழையபடி தொடங்கியது. ஒரு கிழவர் காலை மடக்கி வழி விட்டார். யாரோ இரண்டு சோடாப் போத்தலை நீட்டினார்கள். அன்றைக்கு ஊரே கதவைச் சாத்திக்கொண்டது எதற்காகவோ, அது இன்றைக்கு இரண்டு சோடாவோடு முடிந்துவிட்டது. கேதீஸ்வரி விறாந்தையில் நின்று அதைப் பார்த்தாள். சிரிப்பதா என்று கூட அவளுக்குத் தெரியவில்லை.

“அக்கா, உள்ளை வைக்கலாமே?” என்றான் சிமியோன்.

“இன்னும் உடுத்தேல்லைத் தம்பி. கொஞ்ச நேரம் செல்லும்.”

அவன் சார்ஜன்ரைப் பார்த்தான். அவர் மணிக்கூட்டைப் பார்த்து, “அம்மா, டியூட்டி இருக்கு. மன்னிக்கணும்” என்றார், தெரிந்த தமிழில்.

“பரவாயில்லை அக்கா” என்றான் சிமியோன். “நாங்கள் இதிலையே வைச்சிட்டுப் போறம். அம்மா குறை நினைக்கமாட்டா. அவ எனக்குத் தந்த தேத்தண்ணிக்கு நான் வராமல் இருக்கேலாது.”

பூட்டிய கதவின் படியில் வளையத்தைச் சாத்தி வைத்தார்கள். இரண்டடி பின்னால் போய் நேராக நின்றார்கள். சப்பாத்துக் கால் நிலத்தில் அடிக்க, இரண்டு கையும் ஒன்றாக நெற்றிக்குப் போயின. உள்ளே ஒரு பிணம், வெளியே ஒரு கதவு. அவர்கள் அந்தக் கதவுக்கு மரியாதை செய்தார்கள். கையைக் கீழே விட்டுத் திரும்பி, வந்த வழியே போனார்கள். மோட்டார்சைக்கிள் சத்தம் ஒழுங்கையால் போய்ச் சந்தியில் மறைந்தது.

“அண்ணையும் உப்பிடித்தான்” என்று ஒரு குரல் கேட்டது.

பூமணி மாமி. யாருக்குச் சொன்னாளோ தெரியாது. கண் வளையத்தில் நின்றது.

“வேலைக்குப் போகேக்கை படலையிலை நிண்டு எனக்கு உப்பிடித்தான் பகிடிக்குச் சலூட் அடிப்பார். காலை அடிச்சால் முற்றத்துத் தூசி பறக்கும்.” கதிரையின் கையை இறுக்கிப் பிடித்தாள். “என்னை ஒருக்கால் பிடிச்சு எழுப்பு பிள்ளை.”

கேதீஸ்வரி எழுப்பினாள். சயந்தன் ஓடிவந்தான்.

“அம்மா, எங்கை போறியள்? இருங்கோ.”

“நீ அங்காலை போ” என்றாள் மாமி. சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் அவன் போனான்.

வளையத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கேதீஸ்வரி பின்னால் கதவைச் சாத்தப் போனாள்.

“சாத்தாதை.”

“மாமி, வெளியிலை வீடியோ ஓடுது.”

“ஓடட்டும். அண்டைக்கும் நான் மறைஞ்சுதான் நிண்டனான். பெட்டி எங்கடை வேலியாலைதான் போனது. கிடுகு ஓட்டைக்குள்ளாலை பாத்துக்கொண்டு நிண்டனான். சயந்தன்ரை அப்பா என்ரை வாயைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர்.” மூச்சு வாங்கியது. “கதவைத் திறந்துவிடு.”

கேதீஸ்வரி இரண்டு கதவையும் அகலத் திறந்தாள். வெளிச்சம் வந்து வாங்கின் மேல் விழுந்தது. பந்தலில் இருந்து முகம் பார்க்கலாம் என்று எழும்பி வந்தவர்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். முன்னுக்கு நின்ற பெண்களில் பாதிப்பேர் மாமியின் வயதுக்காரர். அவர்களுக்கு ஒன்றையும் விளக்கத் தேவை இருக்கவில்லை. ஒருத்தி சேலைத் தலைப்பை வாயில் வைத்தாள்.

மாமி நூலைத் தடவி முடிச்சைத் தேடினாள். இரத்தினம்மா கட்டிய முடிச்சு, நன்றாக இறுகிக் கிடந்தது. மாமியின் நகத்துக்கு அது அசையவில்லை. வித்தியா ஜன்னல் கட்டையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள்.

“வேண்டாம் மோனை, வெட்டக்கூடாது. கேதீஸ், தலையைத் தூக்கிப் பிடி.”

கேதீஸ்வரி இரண்டு கையையும் தாயின் பிடரிக்குக் கீழே விட்டுத் தூக்கினாள். தலை நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. மாமி நூலைக் காதுக்கு மேலாக எடுத்து, நூலில் சிக்கிய கொண்டை மயிரை ஒன்று ஒன்றாக விலக்கி, நிதானமாகக் கழற்றினாள். கழற்றும்போது வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டாள். இத்தனை சனம் நின்றும் யாரும் ஒப்பாரி சொல்லித் தொடங்கவில்லை. ஜன்னல் கட்டையில் போன் அதிர்ந்தது. ரொறன்ரோ. அதிர்ந்து அதிர்ந்து தானாக நின்றது. பிறகு அடிக்கவே இல்லை.

தாலி மாமியின் உள்ளங்கையில் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், வாங்கைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

“இதை எங்கை வைக்கிறது?” என்று கேட்டாள்.

புருஷனின் நெஞ்சில் வைக்கவேண்டியது. அந்த நெஞ்சு சாம்பலாகிக் கீரிமலைக் கடலில் கரைந்து எவ்வளவோ காலம். வாசலில் நின்ற கிழவிகள் கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இப்படி ஒன்றுக்கு முறை சொல்ல அவர்களிடமும் ஒன்றும் இல்லை.

மாமி குனிந்தாள். போர்த்திய துணிக்குள்ளிருந்து இரத்தினம்மாவின் வலது கையை எடுத்து, தாலியை அதற்குள் வைத்தாள்.

“மச்சாள்” என்றாள். “இதைக் கொண்டுபோய் அண்ணையிட்டைக் குடு. பூமணி வந்து கழட்டித் தந்தவள் எண்டு சொல்லு. பிந்திப்போச்சுது எண்டும் சொல்லு.”

இரத்தினம்மாவின் விரல்கள் விறைத்திருந்தன. மடியவில்லை. மாமி ஒவ்வொரு விரலாக மடித்துப் பார்த்தாள். விட்டவுடன் அது திரும்பவும் மெல்ல விரிந்தது, தாலி தெரிந்தது. கடைசியில் அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து மூடிக்கொண்டு அப்படியே நின்றாள்.

ஐயர் வந்துவிட்டார் என்று வெளியே யாரோ சொன்னார்கள். வித்தியா கேதீஸ்வரியைப் பார்த்தாள். கேதீஸ்வரி பொறுக்கச் சொல்லித் தலையை அசைத்தாள். அவளுடைய கை இரண்டும் இன்னும் தாயின் தலைக்குக் கீழேதான் இருந்தன, விரல் மரத்துப்போயிருந்தது. வாசலில் சனம் நின்றது. கையை விடும்படி ஒருவரும் மாமியிடம் சொல்லவில்லை.